மேடையில் தள்ளிய வேலி

முழங்கால் வலிக்கு வைத்தியர் என்னை நடக்கச் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஆடப் போனேன். டென்மார்க்கில், ஒடென்சேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கூட வேலை பார்க்கும் டேனிஷ்காரி ஒருத்தி, பின்னேரங்களில் அயர்லாந்து நடனம் பழகத் தனியே போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் அவள் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. நின்றால் 'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்று வீட்டுக்காரர் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த நடனத்தில் கை அசையக் கூடாது, முகத்திலும் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு கையும் உடம்போடு ஒட்டி நிற்க, வேலை முழுவதும் காலுக்குத்தான். எங்கள் குடும்பத்தில் கையை ஆட்டாமல் யாரும் உப்புக்கூடக் கேட்டதில்லை. எனக்கு அதைப் பழக ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது.

ஆசிரியை, டேனிஷ்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து வந்த அயர்லாந்துப் பெண். வசந்தத்தில் ஒரு சிறு அரங்கில் நிகழ்ச்சி வைப்போம் என்றார். சும்மா குதித்தால் போதாது, ஒரு கதை வேண்டும், கதையில் சண்டை வேண்டும், அந்தச் சண்டை காலில் போட்ட சப்பாத்துச் சத்தத்திலேயே விளங்க வேண்டும். யாருக்காவது நல்ல சண்டை தெரியுமா என்று கேட்டார். டேனிஷ்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் வெகுநேரம் யோசித்து, பக்கத்து வீட்டுக்காரன் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் இரையப் புல்லு வெட்டினான் என்றார். பிறகு என்ன நடந்தது என்று ஆசிரியை ஆவலாகக் கேட்டார். வெட்டி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டான் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை எடுத்துவிட்டேன். இரண்டு வளவுக்கு நடுவில் கதியால் என்று உயிர்த்தடிகளை வரிசையாக நட்டு, ஓலை கட்டி வேலி அடைப்போம். ஓலை உக்கிப்போனால் மறுபடி அடைக்க வேண்டும். அப்படி அடைக்கிற நேரம் பார்த்து யாராவது ஒருவர் கதியாலை அடுத்தவர் பக்கம் கொஞ்சம் தள்ளி நட்டுவிடுவார். கேட்டால், அது முந்தியே அங்கேதான் நின்றது என்பார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆசிரியை துள்ளினார். அன்றைக்கே சிலரை நடுவில் வரிசையாக நிறுத்தினார். கையை ஒட்டிக்கொண்டு விறைத்து நின்ற டேனிஷ்காரர் அசல் கதியால்களாகவே இருந்தார்கள். வேலி தள்ளுகிறவள் நான் என்று ஆசிரியையே தீர்மானித்தார். ஏமாறுகிற பக்கத்து வீட்டுக்காரி, நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். நான் குதிக்காலால் இடித்து ஆடி முடிக்கிறபோதெல்லாம் வேலி அவள் பக்கம் ஓர் அடி நகரும்.

அது எந்த வேலி என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. அப்பா சீதனமாகப் பிரித்துத் தந்த காணி. ஒரு பாதி எனக்கு, மறுபாதி கோல்டிங்கில் இருக்கும் அக்காவுக்கு. இருவரும் அங்கே போய் இருக்கப் போவதில்லை. ஆனாலும் ஊரில் ஆள் விட்டுக் கடைசியாக அடைத்தபோது வேலி என் பக்கம் ஒரு முழம் வந்துவிட்டதென்று சேதி வந்ததும் எனக்கு இரத்தம் கொதித்தது. அக்காவைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். வேலி தன் பக்கம்தான் வந்திருக்கிறது, தள்ளியது நான்தான் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். எங்களுக்குள் அன்றைக்கு நின்ற கதைபேச்சு பிறகு தொடங்கவேயில்லை. கார் எடுத்தால் ஒரு மணித்தியாலத் தூரம். அவளுக்கு ஒப்பரேஷன் நடந்ததைக்கூட ஊரிலிருந்து யாரோ சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே அவளை நிகழ்ச்சிக்கு அழைத்தேன். நானாக அழைப்பேனா? வீட்டுக்காரரை விட்டு அத்தானுக்குச் சொல்லுவித்தேன். அக்கா தன்னை மேடையில் பார்க்க வேண்டும், வெட்கப்பட வேண்டும், வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டவுடன் மன்னித்துவிடுவதென்று பெரிய மனதோடு முடிவும் செய்திருந்தேன்.

வந்தாள். மூன்றாம் வரிசையில் பட்டுச்சேலைக்கு மேல் குளிர் அங்கியும் மடியில் பலகாரப் பெட்டியுமாக இருந்தாள். அன்றைக்கு நான் அக்காவையே ஆடினேன். அவளுடைய நிமிர்ந்த கழுத்து, ஒன்றும் தெரியாதவள்போல் உதட்டைக் குவிக்கிற விதம், எல்லாம். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்ற சட்டம் அதோடு போயிற்று. நான் இடித்தேன், வேலி நகர்ந்தது. நூலகப் பெண் கோபப்பட வேண்டிய இடத்தில் வழக்கம்போலப் புன்னகைத்தாள். சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். தைத்துவிட்டது என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. கடைசியில் வேலி கலைந்து எல்லோரும் ஒன்றாக ஆட வேண்டும். எங்கள் ஊரில் எந்த வேலியும் அப்படிக் கலைந்ததில்லை என்று ஒத்திகையில் நான் எவ்வளவோ வாதாடியும், பார்க்க வந்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிந்து நான் மேடையால் இறங்க, அக்கா நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். என் வியர்வை அவள் பட்டில் பட்டதைக்கூடப் பார்க்கவில்லை. நான் மன்னிக்கத் தயாரானேன்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீ செய்ததை நீயே ஆடிக் காட்டிப்போட்டாய்," என்றாள். "எனக்கு இது காணும். நான் எல்லாத்தையும் மறந்திட்டன்."

மேடையில் வேலியைத் தள்ளினது நான். ஆகவே என் களவை நானே ஒத்துக்கொண்டேன் என்று அவள் விளங்கிக்கொண்டிருக்கிறாள். அது நீதான் அக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நியாயம் எனக்கு, அக்கா கோல்டிங்குக்கு. அவள் நன்றாக மெலிந்திருந்தாள். அழுதுகொண்டே என் கன்னத்தைத் தடவினாள். இவளை என் மனம் எவ்வளவு தேடியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஓம் அக்கா," என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இந்த முறை அடைக்கேக்கை அந்த ஒரு முழத்தையும் என்ரை பக்கம் விட்டு நடச் சொல்லு."

ஏற்கெனவே போன முழத்தோடு இனி இன்னொரு முழமும் போகும். "சொல்லுறன் அக்கா," என்று சொல்லி, அவளை விடாமல் பிடித்துக்கொண்டேன்.