'ஏலாது' என்றால் என்ன?

போன மாதம் என் கணினியில் பிரவுசர் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து மெயிலைத் திறந்தால் போதும் — மேலே ஒரு பெட்டிக்குள் அதன் சுருக்கம் வந்து நிற்கிறது. நான் கேட்டேனா? இல்லை. நேரே குசினிக்குள், அடுப்படிவரை நுழைந்துவிடுகிற விருந்தாளி மாதிரி ஏஐ உள்ளே வந்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் பிடித்துத்தான் இருந்தது. நீண்ட மெயில்களை யார் வாசிப்பது?

அப்படி ஒரு நீண்ட மெயில் ரவியின் மனைவியிடமிருந்து வந்தது. ரவி கரம்பொன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இப்போது கனடாவில். நயினாதீவுத் திருவிழாவுக்கு இந்த முறை கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பெட்டிக்குள் இரண்டே வரி: 'திருவிழாவுக்கு வர ரவிக்கு ஆசை. ஆனால் அவரால் இயலாது.'

எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு வருடமும் இதே கதைதானே? மெயிலை மூடினேன். பதில் போடவில்லை, போனும் எடுக்கவில்லை. அவனாக எடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து, ரவி செத்துப்போனான் என்று செய்தி வந்தது.

உடனே போன் எடுத்தேன். அவன் மனைவி அழுதுகொண்டே கேட்டார்:

"மெயில் போட்டனான்தானே அண்ணை... நீங்கள் வாசிக்கேல்லையே? உங்கட கோல் வருமெண்டு போனைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு கிடந்தவர்."

பிறகுதான் முழு மெயிலையும் வாசித்தேன். கடைசியில் இப்படி இருந்தது: 'திருவிழாவுக்கு வர ஆசைப்பட்டுக்கொண்டு இருந்தவர். இப்ப இவருக்கு ஏலாது அண்ணை. ஒருக்காக் கதையுங்கோ.'

எங்கள் பக்கத்தில் 'அவருக்கு ஏலாது' என்று ஒருவர் சொன்னால், வர முடியாதாம் என்றா விளங்கிக்கொள்வோம்? ஐயோ, என்ன வருத்தம், என்ன நோய் என்றல்லவா பதறுவோம்! அந்தப் பெட்டிக்கு அது தெரியவில்லை. 'ஒருக்காக் கதையுங்கோ' என்று ஒருதரம் பேசச் சொல்லிக் கேட்டதையும் தேவையில்லை என்று விட்டுவிட்டது.

பழி முழுவதையும் பிரவுசரின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வரியோடு மெயிலை மூடியது என் விரல்தானே? ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வேண்டியவர்கள் திறந்துகொள்ளட்டும். வேண்டாதவர்கள் தேடிப்போய் மூட வேண்டும் என்பது என்ன நியாயம்? அந்தப் பெட்டி இல்லாதிருந்தால் அன்றைக்கு முழுவதையும் வாசித்திருப்பேன்... அவன் குரலையும் ஒருதரம் கேட்டிருப்பேன்.

நேற்று செட்டிங்ஸ் முழுக்கத் தோண்டி அதை நிறுத்தினேன். விடுமா? 'ஏன் நிறுத்துகிறீர்கள்?' என்று கேட்டது. ஒரே சொல்தான் எழுதினேன் — 'ஏலாது'.

இந்த முறை அது எப்படி விளங்கிக்கொண்டாலும் பிழையில்லை.