சுவரில் ஒட்டிய எட்டு வரி

எங்கள் லேபில் ரத்தம் எடுக்கும் அக்காவுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவர் குத்தினால் ஊசி போனதே தெரியாது. புதிதாக வருபவர்களுக்காக, நரம்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னார் மேலாளர். மேலாளருக்கு வேறு வேலை இல்லை.

அக்கா திருதிருவென்று விழித்தார். "விரலை வச்சா தெரியும். இதுல எழுத என்ன இருக்கு?" என்று என்னிடம் புலம்பினார். ஒருவழியாக எட்டு வரி தேறியது. அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஒரு பெரியவர் கையை நீட்டினார். அக்கா விரலை வைத்தார். இப்போது செய்ய வேண்டியது மூன்றாவது வரியா, நான்காவதா என்று தலை குழம்பியது. குத்தினார், ரத்தம் வரவில்லை. மறுபடியும் குத்தினார், வரவில்லை.

பெரியவர் முகத்தைச் சுளித்தார். "வேலைக்குப் புதுசாம்மா? அதோ, சுவத்துல எழுதி ஒட்டியிருக்காங்க பாரு. அதைப் படிச்சிட்டுக் குத்து."