குமரேசன் தாடி எடுத்த கதை

கூர்மையான கத்திதான் முகத்தைக் கிழிக்கும் என்று மனித குலம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த நம்பிக்கை எத்தனை கன்னங்களைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கிழிப்பது மழுங்கிய கத்தி. கூரானது முடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். நெல்லித்தோப்பில் சவரச் சாமான் கடை வைத்திருப்பவன் தினமும் சொல்லித் தீர வேண்டிய வாக்கியம் இது. காலையில் கண்ணாடி முன் ரத்தம் துடைக்கும் சக துன்பவாசிகளே, நீங்களாவது நம்புங்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா பெரியவர்கள் மட்டும் சவரக் கத்தியை பிரெஞ்சில் 'ரஸ்வார்' என்று கேட்டு, சரியானதை எடுப்பார்கள். மற்றவர்கள் பளபளப்பைப் பார்த்து எடுப்பார்கள். குமரேசனும் அப்படித்தான்.

புலி போட்ட கத்தி

குமரேசன் குருசுக்குப்பத்துக்காரன். தேங்காய்த்திட்டில் விசைப்படகு வேலை. நெஞ்சைத் தொடும் தாடியோடு வந்து, பிடியில் புலி செதுக்கிய கூர்முனைக் கத்தியைக் கேட்டான். முதன்முதலாக வாங்கும் கத்தியின் முனை உருண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காது மடலைப் பதம் பார்க்கும் என்றேன். அலகு நடுத்தர அகலம் போதும். தீட்ட ஒரு தோல்வார், நுரைக்க ஒரு பிரஷ், ஒரு கட்டி சோப்பு. என் விளக்கங்கள் சற்று நீளமானவை. அவன் புலியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

மனைவி செல்விக்கு எட்டாவது மாதம். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் தாடியைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பிறந்ததும் எடுக்க சலூன் இல்லையா என்றேன்.

"சலூன் தொறக்கற வரிக்கும் யாருணா காத்துனு இருப்பா? தாடியோட வந்தா புள்ளய கையில குடுக்க மாட்டேன்னு செல்வி சொல்லிட்டா."

பலூனுக்குச் சவரம்

புலியை விட்டுவிட்டு உருண்டை முனைக் கத்தியையே வாங்கினான். ஆனால் தாடியைத் தொடக்கூடாதவன் எங்கே பழகுவது? ஊதிய பலூனில் நுரை பூசி வழிக்கச் சொன்னேன். மறுவாரம் செல்வியும் கூட வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, பலூனை ஏந்திக்கொண்டாள். முதல் பலூன் வெடித்து நுரை அவள் மூக்கில் ஒட்டியது. "மீனு செதில் சீவுற மாரி சீவாதய்யா, அது கன்னம்" என்றாள். கத்தியைச் சாய்த்துப் பிடி, அழுத்தாதே என்று நான் இடையிடையே உபதேசித்தேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பலூன் நுரை நீங்கி, முழுசாக நின்றது. செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குத் தாடி போயிடுச்சுணா. அடுத்தது இந்தக் கரடிக்குத்தான்."

புத்தகத்தில் இல்லாதது

அடுத்த முறை தனியாக வந்தான். தாடி அப்படியே இருந்தது. நான் கவனிக்காமல், "என்ன குழந்தை?" என்று கேட்டுவிட்டேன்.

"பொண்ணு. பொறந்துச்சுணா. அழுவல."

ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அவன் கையில்தான் கொடுத்தார்களாம். கொஞ்ச நேரம் வைத்திருந்தானாம். குழந்தை பிறந்தால் எடுக்க வேண்டிய தாடியை இப்போது எடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் கேட்டதற்குப் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். படித்தவன் என்று என்னிடம் வந்திருக்கிறான். எகிப்தியப் பூசாரிகள் உடம்பு முழுக்க மழித்துக்கொண்டது எனக்குத் தெரியும். ரோமானிய இளைஞர்கள் முதன்முதலாக எடுத்த தாடியைத் தெய்வத்துக்குப் படைத்ததும் தெரியும். இது எதிலும் இல்லை. செல்வியைக் கேட்டாயா என்றேன்.

"அவ என் மூஞ்சயே பாக்க மாட்றாணா. இன்னான்னு கேக்கறது?"

கண்ணாடி முன்

சில வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு என்று செல்வி காதை மூடித் துண்டு கட்டியிருந்தாள். ஸ்டூலைக் கண்ணாடி முன் இழுத்துப் போட்டு, "உக்காருய்யா" என்றாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். நீளத் தாடியில் நேராகக் கத்தி வைக்கக் கூடாது. கத்தரிக்கோலால் குறைத்துக் கொடுத்தேன். வெந்நீர் ஒற்றி, நுரை பூசினேன். இந்த ஒருமுறை எதையும் விளக்கவில்லை.

குமரேசன் கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். வைக்கவில்லை. "யாருக்குடி எடுக்கறது?" என்றான்.

"எம் பொண்ணுதான் ஒன் மூஞ்சயப் பாக்காம போயிட்டா. நான் பாக்கணும். எடுய்யா."

இடது கன்னத்தைப் பாதி வழித்ததும் அவன் கத்தியை இறக்கிவிட்டான். செல்வி கத்தியை வாங்கிக்கொண்டு, அவன் தாடையை நிமிர்த்தி, மிச்சத்தை எடுத்தாள்.

சவர சோப்பு தீர்ந்தால் இப்போதெல்லாம் செல்விதான் வந்து வாங்கிப் போகிறாள்.