பின்னால் வந்த பால்காரர்

மைசூர் ஹெப்பாளில் வேலை பார்த்த தொண்ணூறுகளில், விடுமுறை கிடைத்தால் சைக்கிளில் மலைப்பக்கம் கிளம்பிவிடுவேன். ஒருமுறை மாதேஸ்வரன் மலைக்குப் புறப்பட்டு, ஹனூரில் தங்கி, மறுநாள் காலை காட்டுச் சாலையைத் தொட்டேன். அங்கே டீக்கடையில், முந்தின நாள் யானை ஒருவரை மிதித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

"வாங்க, நானும் வர்றனுங்க" என்றார் அங்கிருந்த பால்காரர். ஒல்லியான ஆள், தலையில் பச்சை மப்ளர், சைக்கிளில் காலிக் கேன்கள். வளைவுக்கு வளைவு மணியடித்தபடி என் பின்னாலேயே வந்தார்.

ஓரிடத்தில் மூங்கில் புதர் சடசடத்தது. அவர் முன்னே போகட்டும் என்று மெதுவாக மிதித்தேன். அவரும் மெதுவாக மிதித்தார்.

"நீங்க முன்னாடி போங்களேன்."

"வேண்டாமுங்க. நிக்காம மிதிங்க."

என்னைக் காவு கொடுக்கத்தான் கூட்டிவந்தார் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே மிதித்தேன். காடு முடிந்து வீடுகள் தெரிந்ததும், ஏன் முன்னால் வரவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"யானை கடைசியா வர்றவனத்தானுங்க புடிக்கும்" என்றார்.

பிறகு சைக்கிளை வந்த வழியே திருப்பினார். "எங்க ஊடு அந்த டீக்கடைகிட்டத்தானுங்க."

மணிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை நின்றேன். மூன்றாம் வளைவுக்குப் பிறகு கேட்கவில்லை. தூரம்தான் காரணம் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.