தம்பி விற்ற என் வீடு

என் தம்பி வீட்டுத் தரகன். அதற்கு முன்னால் தையல் கடை வைத்தான், மூடினான். வாடகை வண்டி ஓட்டினான், ஒரு சுவரில் கொண்டுபோய் மோதினான். பல் வைத்தியர் ஒருவரிடம் வாசலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிற வேலைக்குப் போனான். வலியோடு காத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்து, பாதிப் பேரைப் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் அனுப்பிவிட்டான். கடைசியில்தான் அந்த வாய்க்கு ஏற்ற பிழைப்பு அமைந்தது.

தொழிலில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டைக் காட்டினாலும் "நம்ம வீடு" என்பான். "நம்ம வீட்டுல தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது" என்று குழாயைத் திறந்து காட்டுவான். சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் கூச்சப்பட மாட்டான். வாங்க வந்தவர்களுக்கு அதில் ஒரு தெம்பு. சொந்தக்காரர்களும், வீடு விலை போனால் சரி என்று சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்தவள்தான்.

என் வீடு, என் வீட்டுக்காரர் என் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போனது. கீழே இரண்டு அறை, ஒரு சமையலறை, மாடிக்குப் போக இரும்புப் படி. முழங்கால் பிடித்துக்கொண்ட பிறகு மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன். வெளியூரில் இருக்கும் மகள், விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று போன் பண்ணும்போதெல்லாம் நச்சரித்தாள். சரி என்று தம்பியிடம் சொன்னேன், என்ன விலைக்குப் போகும் என்று நாலு பேரிடம் விசாரித்து வை என்று. சொன்னது அவ்வளவுதான். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பிறகு மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்து பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மாப்பிள்ளை நல்லவர், ஆனால் டி.வி.யை அணைக்கத் தெரியாதவர். இது நமக்குச் சரிப்பட்டு வராது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

வந்த மறுநாள் காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் நேராக நான் இருந்த சமையலறைக்கு வந்து, அலமாரி இங்கே வரட்டும் என்று தச்சருக்குக் கை காட்டினாள். அவர் என் தலைக்கு மேலே அளவு நாடாவைப் பிடிக்கிறார்.

"யாரும்மா நீங்க?" என்றேன்.

"வீட்டை வாங்கினவங்க. நீங்க இன்னும் காலி பண்ணலையா பாட்டி?"

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். பிறகுதான் விஷயம் வந்தது. நான் ஊரில் இல்லாதபோது தம்பி, அவசரத்துக்கு என்று அவனிடம் கொடுத்து வைத்திருந்த சாவியைப் போட்டுத் திறந்து வீட்டைக் காட்டியிருக்கிறான். விலையை முடித்து, முன்பணமும் வாங்கி, உரிமையாளருக்காக என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். சமையலறைச் சாமான்களைப் பார்த்து அவர்கள் கேட்டதற்கு, "ஒரு வயசானவங்க குடியிருக்காங்க, அவங்கள நான் பார்த்துக்கறேன்" என்றானாம்.

வீடு போனதைக்கூட ஒரு பக்கம் வையுங்கள். என் வீட்டில் என்னைக் குடியிருக்கிறவள் ஆக்கினானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சாயங்காலம் வந்தான். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. இந்த விலை இனி வராது, நல்ல ஆட்கள், மகளோடு நிம்மதியாக இரு என்று அடுக்கிக்கொண்டே போனான். விற்கச் சொல்லி நான் சொன்னேனா என்று கேட்டேன்.

"விலை கேட்கச் சொன்னா விக்கத்தானே அக்கா? தரகன்கிட்ட சொன்னா வேற என்ன அர்த்தம்? ஊரே அப்படித்தான் நடக்குது."

"ஊரு நடக்கட்டும். என் வீடு நடக்காது."

சாவியைக் கேட்டேன். மேசைமேல் வீசிவிட்டுப் போனான்.

வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா? இருந்த வாடகை வீட்டை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள், தச்சருக்கும் பணம் கொடுத்தாயிற்று. அவர்களுடைய வக்கீல் ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார். மருந்துக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்குப் படிக்கத் தெரியாது என்றதும் அந்த வக்கீல் அம்மா எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னார். தரகர் வீட்டைக் காட்டலாம், விலை பேசலாம், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தலாம். சொந்தக்காரருக்காக விற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமானால், சொந்தக்காரர் அந்த அதிகாரத்தைத் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

"கொடுத்தீங்களா?" என்றார்.

"இல்லை."

"சரி. இப்பக்கூட, அவர் செஞ்சது எனக்குச் சம்மதம்னு நீங்க ஏத்துக்கிட்டா, அது செல்லும். இல்லைன்னா, இல்லாத அதிகாரத்தை இருக்குன்னு சொன்னதுக்கு உங்க தம்பிதான் இவங்களுக்குப் பதில் சொல்லணும். முன்பணமும் நஷ்டமும் அவர் தலையில."

அறையில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். தம்பி என் நாற்காலிப் பக்கம் குனிந்து, மெதுவாக, "ஒரு வார்த்தை சொல்லிடு அக்கா. இல்லேன்னா இந்தத் தெருவுல எவன் என்னை நம்புவான்?" என்றான். அந்த நேரத்திலும் தப்புப் பண்ணிவிட்டேன் என்று அவன் வாயில் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, தெரியாது. இளகிய மனசு எனக்கு.

அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை தாயே, ஆனால் வீடு என்னுடையது, நான் விற்கவில்லை என்று. வக்கீல் அம்மா மறுபடி ஒருமுறை கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

படி இறங்கும்போது தம்பி, "இனி எனக்கு அக்கான்னு யாரும் இல்லை" என்றான்.

"இதையாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணியிருக்கலாம்" என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானாகவே இறங்கினேன்.

தன் மோட்டார் சைக்கிளை விற்றுத்தான் அவர்கள் கணக்கைத் தீர்த்தானாம். இப்போது நடைதான். கடைவீதிக்குப் போக என் வாசலை விட்டால் வேறு வழி கிடையாது. எதிர்ப்பக்கமாக, தலையைத் திருப்பிக்கொண்டு போகிறான். அவன் போகிற நேரம் எனக்குத் தெரியும். ஒருநாள்கூட நான் கதவைச் சாத்தியதில்லை, கூப்பிட்டதும் இல்லை.