மூன்றாம் பாகம் எந்த வயதுக்கு

பூவத்தங்குடி கிளை நூலகத்துக்கு மீரா உசேன் மாற்றலாகி வந்தது எழுபதாம் ஆண்டில், தாளடி நடவு நடந்துகொண்டிருந்த சமயம். நன்னிலத்திலிருந்து கிழக்கே போகும் பேருந்து அவரை இறக்கிவிட்ட இடத்தில் இரண்டு கொடிக்கம்பங்கள் நின்றன. ஒன்றில் கறுப்பு சிவப்பு, மற்றொன்றில் செங்கொடி. நடுவில் ஓட்டுக் கட்டடமாக நூலகம். உள்ளே இரண்டு பீரோ, ஒரு நீள மேசை, நாலைந்து பெஞ்சு. ஆட்சி மாறி மூன்று வருடம் ஆகியிருந்தது. மேடைப் பேச்சு மாறியிருந்தது, சுவரெழுத்து மாறியிருந்தது. வயலில் கூலித் தகராறு மட்டும் அறுப்புக்கு அறுப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

அவர் நாகூர்க்காரர். பிள்ளைகளுக்கான புத்தகம் எது வந்தாலும் தான் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பீரோவில் வைப்பார். அவருக்கு ஏழு வயதில் தாயார் பிரசவத்தில் இறந்துபோனார். பிள்ளை தாங்கமாட்டான் என்று எண்ணிய பெரியவர்கள், "உம்மா கப்பலேறி பினாங்குக்குப் போயிருக்கா" என்று சொல்லிவைத்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் வரும் நாளெல்லாம் பையன் போய்க் கரையில் நின்றான். ஐந்து வருடம் கழித்து, பம்பர விளையாட்டில் வந்த சண்டையில், மாமன் மகன் வாய் தவறி உண்மையைக் கொட்டிவிட்டான். மீரா உசேன் அன்று அழவில்லை. அதற்குப் பிறகு வீட்டுப் பெரியவர்கள் சொன்ன எதையும் நம்பவும் இல்லை. எதை எந்த வயதில் ஒரு பிள்ளையிடம் சொல்லலாம் என்ற கேள்வி மட்டும் அவரோடு வளர்ந்தது.

மறு வருடம் சென்னையிலிருந்து 'பாய்மரப் பொன்னி' என்ற சாகசக் கதை வரிசை வந்தது. மொத்தம் ஆறு பாகம். பொன்னிக்குப் பதினைந்து வயது. முத்துக் குளிக்கப் போய்த் திரும்பாத தகப்பனைத் தேடி, சின்னத் தம்பியையும் கூட்டிக்கொண்டு தோணியில் புறப்படுகிறாள். புயல், திமிங்கிலம், கள்ளக் கடத்தல்காரர்கள் என்று கதை பறந்தது. அந்த நேரம் பார்த்து மீரா உசேனுக்கு விஷக்காய்ச்சல். முதல் இரண்டு பாகங்களைப் படித்தவர், மற்றவையும் இப்படித்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் சிறுவர் பீரோவில் அடுக்கிவிட்டார். புத்தகங்கள் உள்ளே தங்கவே இல்லை. ஒரு பையன் கொண்டுவந்து வைக்கும்போதே இன்னொருவன் கையை நீட்டினான்.

ஒரு நாள் காலை பண்ணையார் பஞ்சநதம் புல்லட்டில் வந்து இறங்கினார். கையில் மூன்றாம் பாகம்.

"இதெல்லாம் புள்ளைங்க படிக்கிற கதையாங்க, பாய்?"

"என்னாச்சுங்க?"

"உப்பளக்காரன் ஒருத்தன் ஆள் வெச்சுக் குப்பத்தைக் கொளுத்துறான். அந்தப் பொண்ணோட தம்பி உள்ள மாட்டிக்கிட்டு வெந்து சாவுறான். எம்மவன் தியாகராசனுக்குப் பத்து வயசு. படிச்சதிலேருந்து தூங்கமாட்டேங்கிறான்."

"தப்புதாங்க. நான் படிச்சுப் பாத்துட்டுக் குடுத்திருக்கணும்."

பஞ்சநதம் போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தூங்காட்டிக்கூடப் பரவால்லங்க. 'கீழத்தெரு எரிஞ்ச அன்னிக்கு நீங்க எங்கப்பா இருந்தீங்க'ன்னு கேக்கிறான்."

இரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பா அறுப்பில், கூலி நெல்லைக் கூட்டித் தரவேண்டும் என்று கீழத்தெரு ஆட்கள் வயலில் இறங்க மறுத்ததும், வெளியூரிலிருந்து அறுப்பாட்களைக் கொண்டுவந்ததும், கைகலப்பானதும், மறுநாள் கீழத்தெருக் குடிசைகள் எரிந்ததும் மீரா உசேன் இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே காதில் விழுந்தவை. நாலு வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். தீ வைத்தது யார் என்று வழக்கு நடந்தது. எவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை.

பஞ்சநதம் மாவட்டத்துக்கும் புகார் எழுதிப் போட்டிருந்தார். சீக்கிரமே மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. இந்த வரிசையின் ஒவ்வொரு பாகமும் எந்த வயதினருக்கு ஏற்றது என்று கிளை நூலகர் படித்துப் பார்த்துப் பரிந்துரை செய்யவேண்டும். அதுவரை மூன்றாம் பாகத்தை வெளியே கொடுக்கக்கூடாது.

மீரா உசேன் மூன்றாம் பாகத்தைப் படித்து முடித்து, மேசை டிராயரில் போட்டுவிட்டு யோசித்தார். எழுத்து சுலபம், எட்டு வயதுப் பிள்ளைகூடத் தடங்கலில்லாமல் படித்துவிடும். படிக்க முடிகிற வயதும் தாங்க முடிகிற வயதும் ஒன்றல்லவே. பத்து என்று எழுதினார். அடித்தார். பதினான்கு என்று எழுதினார். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அம்சம் வந்தாள். பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. கீழத்தெருவிலிருந்து நூலகத்துக்குள் வந்த முதல் பிள்ளை. முதல் இரண்டு பாகங்களையும் அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்திருந்தாள். தீயில் செத்துப்போன மருதையனின் அக்கா அவள். அப்பாவும் அம்மாவும் கூலிக் கூட்டத்துக்குப் போயிருக்க, குடிசை பற்றியபோது தம்பி பின்னாலேயே வருகிறான் என்று நினைத்து வெளியே ஓடிவந்தவள்.

"சார், மூணாவது வேணும்."

"அது வெளிய போயிருக்கும்மா."

சொன்ன மாத்திரத்தில் தன் பொய் அவருக்கே உறைத்தது. ஆனாலும் சொல்லை மாற்றவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் அவள் வந்து, நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவங்கப்பா கொண்டாந்து குடுத்துட்டாராம், அது உங்ககிட்டதான் இருக்குன்னு தியாகராசன் சொல்றான் சார். கதையும் சொல்லிட்டான். பொன்னியோட தம்பி செத்துடுறானாமே."

மீரா உசேன், "ஆமாம்மா. நான் சொன்னது பொய்தான். நீ படிச்சா அழுவியேன்னு பயந்துட்டேன்" என்றார்.

"எனக்கு அது தெரியும் சார். தம்பி செத்தப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணுனா? தோணி ஓட்டுனாளா, இல்லியா? அதுதான் எனக்குத் தெரியணும்."

அன்று சாயங்காலமே அவர் கீழத்தெருவுக்குப் போனார். அம்சத்தின் அப்பா அய்யாக்கண்ணு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"வேணாங்க பாய். ஆறிக்கிட்டு வர்ற புண்ணு."

"ஆறுதாங்களா?"

அய்யாக்கண்ணு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "தெரியலீங்க. அவ ஒண்ணும் பேசறதில்ல. நாங்களும் கேக்கறதில்ல. அந்தப் பேரையே வீட்ல எடுக்கறதில்ல."

"அவளேதான் கேக்கறா. நான் குடுக்கலேன்னா வேற எங்கயாவது அரையும் குறையுமாத் தெரிஞ்சுக்குவா. எங்க வீட்ல எனக்கு அப்படித்தான் ஆச்சு." அவர் தன் தாயாரின் கதையை முதன்முறையாக ஒரு அந்நியரிடம் சொன்னார்.

அய்யாக்கண்ணு, "நீங்க கூடவே இருப்பீங்களா?" என்றார்.

"இருக்கேன். நீங்களும் வாங்க."

மேலிடத்து உத்தரவு வெளியே கொடுக்கக்கூடாது என்றுதான் இருந்தது. உள்ளே உட்கார்ந்து படிக்கக்கூடாது என்று இல்லை. மறுநாள் நூலகத்தில் அம்சம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எதிரே மீரா உசேன். அய்யாக்கண்ணு உள்ளே வரக் கூச்சப்பட்டு ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் குந்தினார். அவள் விரலை வரிமேல் ஓட்டிப் படித்தாள். தீ வரும் அத்தியாயத்தில் விரல் நின்றது, மறுபடி நகர்ந்தது. முடித்ததும் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, அழவில்லை.

"சத்தத்த எழுதல சார்."

"என்ன சத்தம்மா?"

"மூங்கில் கணுவெல்லாம் வெடி மாதிரி வெடிக்கும். அதுல கூப்புட்டாக் கேக்காது." கையை நீட்டினாள். "நாலாவதக் குடுங்க."

நாலாம் பாகம் விடியற்காலையில் தொடங்குகிறது. நல்ல காற்று. பொன்னி பாயை விரித்து, பாட்டுப் பாடிக்கொண்டு புதிய தீவுக்குப் புறப்படுகிறாள். அம்சம் பக்கங்களை வேகமாகத் திருப்பினாள். திரும்ப முன்னால் வந்து தேடினாள்.

"தம்பி பேரே இல்ல சார், இதுல."

"ஆமா," என்றார் அவர். அவரும் அதைக் கவனித்திருந்தார். ஆனால் ஒரு குறையாக அது அவருக்குப் பட்டிருக்கவில்லை.

"எப்புடி சார் மறப்பா? அவனத்தானே கூட்டிக்கிட்டு வந்தா? நானு..." குரல் உடைந்தது. "நானு கையப் புடிச்சுருந்தாக்க மருதையன் வந்திருப்பான். புடிக்காம ஓடியாந்துட்டேன். எனக்குத் தெனமும் நெனப்பு வருது. அவளுக்கு மட்டும் எப்புடி வராம இருக்கும்?"

ஜன்னலுக்கு வெளியே அய்யாக்கண்ணு எழுந்து நின்றார். இரண்டு வருடமாக வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. செருப்பில்லாத காலோடு உள்ளே வந்து, மகள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவன் கோழிக்குஞ்சு வளத்தான்ல," என்றார். "உன் பின்னாலதான் ஓடியாந்திருக்கான். அதப் புடிக்கத்தான் திரும்பிப் போனானாம். எதுத்த வீட்டு ராஜம்மா பாத்திருக்கா. எங்ககிட்ட அன்னிக்கே சொன்னா. நீ புடிச்சுருந்தாலும் உதறிக்கிட்டுப் போயிருப்பான், தாயி."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"சின்னப் புள்ளையாச்சே, எதுக்குன்னு இருந்துட்டோம்."

அம்சம் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். மீரா உசேன் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார். பேப்பர் படிக்க வந்த இருவரைக் கொஞ்சம் பொறுத்து வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அந்த வாரம் பரிந்துரையை எழுதி அனுப்பினார். முதல் இரண்டு பாகங்கள் எட்டு வயதுக்கு மேல். மூன்றாம் பாகம் பன்னிரண்டு. கேள்வி கேட்டால் உண்மையான பதில் சொல்லப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதற்குக் குறைந்த வயதிலும் தரலாம். நாலாம் பாகத்தைப் பற்றி, இதில் கொடுமை ஏதும் இல்லை, ஆனால் துயரப்பட்ட பிள்ளைக்கு இது ஆறுதல் தராது என்று ஒரு வரி. திரும்பி வந்த உத்தரவில் மூன்றாம் பாகத்துக்குப் பதினாறு என்று இருந்தது. மற்ற பாகங்களுக்கு எட்டு. அவர் எழுதிய மற்றது எதுவும் அதில் இல்லை.

அவர் மூன்றாம் பாகத்தைப் பெரியவர்கள் பீரோவில் வைத்துப் பூட்டினார். வெளியே கொடுப்பதில்லை. ஆனால் எந்தப் பிள்ளை வந்து கேட்டாலும், உட்காரவைத்து, "இதுல ஒரு பையன் சாவுறான். படிக்கணும்னு தோணுதா?" என்று கேட்பார். வேண்டாம் என்று ஓடிய பிள்ளைகளும் உண்டு. படிக்கிறேன் என்றால் எதிரே உட்கார்ந்துகொள்வார். எந்த ஊருக்கு மாற்றலானாலும் அப்படித்தான் செய்தார்.

அம்சம் ஐந்தாம் பாகத்தையும் ஆறாம் பாகத்தையும் கேட்கவே இல்லை. வேறு புத்தகங்களுக்குப் போய்விட்டாள். பள்ளிப் படிப்பை முடித்து, கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு பால்வாடியில் டீச்சரானாள்.

பஞ்சநதம் மகனை நூலகத்துக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார். மேலிடத்து உத்தரவு வந்த அந்த வருடமே, குறுவை அறுப்பு முடிந்த ஒரு நாள் தியாகராசன் தானாகவே வந்தான். தஞ்சாவூர் விடுதியில் சேர்க்கப்போகிறார்கள் என்றான். மூன்றாம் பாகத்தை இன்னொரு முறை படிக்கவேண்டும் என்றான். மீரா உசேன் பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டு, "அன்னிக்கு எங்க இருந்தீங்கன்னு அப்பாகிட்டக் கேட்டியே, பதில் சொன்னாங்களா?" என்று மெல்ல விசாரித்தார்.

"இல்ல சார்."

அவன் மேசையின் ஒரு கோடியில் உட்கார்ந்து படித்தான். மறுகோடியில் அம்சம் வேறொரு புத்தகத்தோடு இருந்தாள். வெயில் தாழ்ந்ததும் அவன் புத்தகத்தை மூடி, அவள் பக்கம் ஒருதரம் பார்த்தான். ஏதோ கேட்க வாய் எடுத்தவன், கேட்காமல் எழுந்து போய்விட்டான்.