மலைக்கு வாய்ப்பாடு சொன்னவர்

அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இடி. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவருக்கு, 'உங்க குரல் தெருமுனை வரைக்கும் கேக்குது சார்' என்று சொன்னால் கசக்கவா செய்யும்?

அவருடைய வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது. பெரிய கூடம் ஒன்றைப் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வரலாற்று வாத்தியார். இருவரும் ஒரே அறையில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். "உன் சத்தத்துல என் ராஜாங்கல்லாம் போருக்குப் போகாமலே செத்துப்போறாங்கய்யா" என்று வரலாறு அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு நாளும் வேறு வகுப்பறை கேட்டதில்லை.

கணக்கு வாத்தியாரின் வேலை அப்போது தற்காலிகம்தான். குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று தலைமையாசிரியை அவர் வகுப்பில் வந்து உட்கார்வார். பாடம் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வீடு. சிக்கல் என்னவென்றால், அப்பா அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"இன்னும் நிரந்தரம் ஆகலப்பா!"

"ஆகப்போகுதுல்ல? நான் கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன், அவ்ளோதான்."

விடுமுறையில் கணக்கும் வரலாறும் விளையாட்டு டீச்சரும் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பினார்கள். எங்கே போனாலும் வாத்தியார் வாத்தியார்தானே! ஏரிக்கரை டீக்கடையில் ஜனம் குளிரில் முண்டியடிப்பதைப் பார்த்துவிட்டு விளையாட்டு டீச்சர், "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்!" என்று ஒரு அதட்டுப் போட்டார். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கடைக்காரரும் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு வந்து கடைசியில் நின்றுகொண்டார். அவரைத் திரும்ப அடுப்பண்டை அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விடுமுறையின் கடைசி நாள் மலைக்குப் போனார்கள். உச்சியில் கம்பித் தடுப்பு, கீழே பள்ளத்தாக்கு, எதிரே செங்குத்தாக ஒரு பாறை. இங்கே கூப்பிட்டால் அங்கே எதிரொலிக்கும் என்று பேர். வரலாற்று வாத்தியார் காதுவரை இழுத்த குல்லாவோடு ஒரு கூவல் கூவினார். பாறை மதிக்கவில்லை.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று கணக்கு வாத்தியார் முன்னால் வந்தார். வந்தவர் ஊளையிட்டிருக்கலாம், தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வாய்ப்பாடு.

"ஏழு ஒண்ணு ஏழு!"

"...ஏழு!" என்றது பாறை.

அவர் புருவம் நெரிந்தது. "முழுசா சொல்லு!"

"...சொல்லு!"

"பாத்தியா, எதுத்துப் பேசுது" என்றார் வரலாறு.

அதற்குள் அங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஓடிவந்து கம்பியோரம் நின்றுகொண்டார்கள். அவர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் ஒரு வரி, பாறை அரை வரி. ஏழு முடிந்து எட்டு, எட்டு முடிந்து ஒன்பது. தாய் தகப்பன்மார் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். பனிக்காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது.

"போதும் சார். தொண்டை போயிரும்" என்றார் விளையாட்டு டீச்சர்.

"பாதியில நிறுத்தினா மறந்துரும் டீச்சர்."

"யாருக்கு மறக்கும்? அது பாறை சார்!"

பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடிந்துதான் இறங்கினார்.

மறுநாள் காலை, தூங்குகிற வரலாற்றை எழுப்ப வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வெந்நீர், உப்புத் தண்ணீர், தேன், எதற்கும் தொண்டை மசியவில்லை.

"லீவு சொல்லிரு" என்றார் வரலாறு.

"பயந்துட்டான்னு நினைப்பாங்க" என்றார் அவர். அதையே இரண்டு தரம் சொன்ன பிறகுதான் பக்கத்தில் நின்றவருக்கு விளங்கியது.

தலைமையாசிரியை கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க, ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் சமன்பாடு ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பி, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிப் பேசினார். முதல் பெஞ்சு மட்டும் தலையாட்டியது. மற்ற பிள்ளைகள் இடி எப்போது விழும் என்று காத்திருந்தார்கள். விழவில்லை என்றதும் கழுத்தை நீட்டினார்கள். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி பின்னால் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே ரகசியமாகச் சொன்னாள். இரண்டாம் பெஞ்சு மூன்றாவதற்குச் சொன்னது. ஒருவர் சொல்வது அடுத்தவருக்குப் புரியவில்லை என்றால், புரியும்வரை அங்கேயே நிறுத்தி விளக்கம் நடந்தது. கடைசியில் அந்தப் பையன் தலைமையாசிரியையின் காதருகே குனிந்து, "மேடம், ரெண்டு பக்கமும் அஞ்சால வகுக்கணுமாம்" என்றான்.

அவரும் வகுத்தார்.

சாக்பீஸ் உரசுவதுகூடக் கேட்கிற அமைதி. அந்த அமைதியில்தான் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேசைத் தாளமும் விசிலும், எல்லாவற்றுக்கும் மேலே வரலாற்று வாத்தியாரின் குரலும் தெளிவாக வந்தன. "அவுட்டு! நான் கண்ணால பாத்தேன், அவுட்டுதான்!"

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "இது தினமும் நடக்குதா?"

"தெரியாது மேடம்" என்றான் பையன். "தினமும் எங்க சார் சத்தம்தான் கேக்கும்."

அவர் எழுந்து அந்தப் பக்கம் போனார். தாளம் நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"போர் முறை நடத்திட்டிருக்கேன் மேடம்."

"சரி. இந்தக் காகிதப் பந்து எந்த ராஜாவோடது?"



மாலையில் தலைமையாசிரியை கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். "எனக்குச் சின்ன வயசுல வராத கணக்கு. இன்னைக்கு வந்துச்சு. என் பக்கத்துல இருந்த பையன் உங்களவிட நல்லாவே நடத்தினான். பிள்ளைங்கள இப்படிப் பேசவிடுங்க, போதும்" என்று உத்தரவுத் தாளை நீட்டினார். நிரந்தரம். கணக்கு வாத்தியார் அதைப் படித்துவிட்டு நன்றி சொன்னார். தலைமையாசிரியை, "என்ன?" என்றார். அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

மைதானத்தில் வரலாறு உர்ரென்று நின்றுகொண்டிருந்தார். நாளையிலிருந்து அவர் வகுப்பு மாடியில், தலைமையாசிரியை அறைக்கு அடுத்த அறை.

"துரோகி. ஒரே ஒரு நாள் கத்தாம இருந்து என் பொழப்பக் கெடுத்துட்டியே."

கணக்கு வாத்தியார் தாளைக் காட்டினார். வரலாறு அதை மேலும் கீழும் படித்தார். உர் கொஞ்சம் இறங்கியது. "சரி, வீட்டுக்குச் சொல்லு மொதல்ல."

அப்பா எடுத்தார். "அலோ? யாரு? யாருடா அது, மூச்சு மட்டும் விடறது?" இணைப்பை வெட்டிவிட்டார். மறுபடி கூப்பிட்டதும் போனை வரலாறு பிடுங்கிக்கொண்டார்.

"அப்பா, உங்க பையனுக்கு வேலை நிரந்தரம் ஆயிருச்சு!"

ஊருக்கெல்லாம் முன்னாடியே சொன்ன மனுஷன்தான் கேட்டார்.

"நெசமாவா தம்பி?"

"தாளு என் கையில இருக்குப்பா."

"அவன் ஏன் பேசல? அழறானா?"

வரலாறு திரும்பி நண்பரின் கண்ணைப் பார்த்தார். "தொண்டை கட்டிருக்குப்பா."

"தம்பி, ஸ்பீக்கர்ல போடறேன். அவன் அம்மா தூரத்துல நிக்கறா. இன்னொரு தடவை சொல்லுங்க. நல்லா சத்தமா."

வரலாற்று வாத்தியார் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, நண்பரின் குரலுக்கும் சேர்த்து முழங்கினார். மைதானத்து மரத்துக் காக்கைகள் எழும்பின. மாடியில் தலைமையாசிரியை அறையின் ஜன்னல் திறந்தது.

போனை நண்பரின் கையில் திணித்துவிட்டு, வரலாறு குல்லாவைக் கண்வரைக்கும் இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.